இறுக்கமா, தளர்வா: ஒரு நோ-லிமிட் கேஷ் ஆட்டக்காரரின் பதினேழு மாதங்கள்

இதில் வரும் நண்பரின் அனுமதியோடு எழுதுகிறேன். அவர் பெயரும் அவர் ஆடிய கிளப்பின் பெயரும் வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். தொகைகள் அவருடைய குறிப்பேட்டில் இருந்தவை. கணக்குகளை இருவரும் சேர்ந்து போட்டோம்.

## பின்னணி

நண்பருக்கு அப்போது 34 வயது. மதுரைப் பக்கத்துக்காரர், கலிபோர்னியாவின் சான் ஹோசே பகுதியில் மென்பொருள் வேலை. விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனால் ராத்திரி முழுக்க ரம்மி ஆடி வளர்ந்தவர். கீழே போன சீட்டுகளை நினைவில் வைப்பதில் கெட்டிக்காரர். அலுவலக நண்பர்களோடு வீட்டில் 20 டாலர் போட்டு போக்கர் ஆடப் பழகி, 2023 மார்ச்சில் உரிமம் பெற்ற ஒரு கார்டு கிளப்புக்குப் போகத் தொடங்கினார். வெள்ளி இரவும் ஞாயிறு மதியமும்தான் ஆட்டம். மனைவியோடு பேசி, போனாலும் குடும்பம் தாங்கும் என்று 6,000 டாலரைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்.

ஆட்டம் நோ-லிமிட் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கும்: முதலில் மூன்று (ஃப்ளாப்), அப்புறம் ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). எந்தக் கட்டத்திலும் முன்னால் இருக்கும் பணம் முழுவதையும் வைக்கலாம் என்பதால்தான் நோ-லிமிட். கேஷ் ஆட்டத்தில் சிப் என்பது நேரடிப் பணம். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். நடுவில் சேரும் பணத்தை ஆடுபவர்கள் பாட் என்பார்கள். தமிழில் எழுதும்போது அது பாட்டோடு குழம்புவதால் இங்கே நடுப்பணம் என்றே எழுதுகிறேன்.

அவர் உட்கார்ந்த மேசையில் ஒன்பது பேர். சீட்டு வருமுன்னே இருவர் வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயங்களான பிளைண்டுகள்: சின்னது 2 டாலர், பெரியது 3 டாலர். 100 முதல் 300 டாலர் வரை வைத்துக்கொண்டு உட்காரலாம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் எல்லா முடிவுகளும் அதைத் தொட்டு வரும். கலிபோர்னியாவில் கார்டு கிளப் தன் கட்டணத்தை நடுப்பணத்தில் இத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு கைக்கும், அதாவது ஒரு தடவை சீட்டுப் பிரித்து ஆடி முடிப்பதற்கு, முன்பே நிர்ணயித்த ஒரு தொகையை எடுக்கிறார்கள். இந்த மேசையில் ஃப்ளாப் வந்துவிட்டால் ஜாக்பாட்டுக்கான ஒரு டாலரையும் சேர்த்து 7 டாலர். நடுவில் 30 டாலர் இருந்தாலும் 7, 600 இருந்தாலும் 7. மணிக்கு 30 கை என்று வைத்தால், ஒன்பது பேர் சேர்ந்து மணிக்கு 200 டாலருக்கு மேல் கட்டுகிறார்கள். சராசரியாக ஒரு நாற்காலிக்கு 23 டாலர். ஆனால் அந்தக் கட்டணம் ஜெயித்தவர் பக்கம் வரும் பணத்திலிருந்து போகிறது. சின்னச் சின்னதாக நிறைய நடுப்பணங்களை ஜெயிப்பவர்தான் அதிகம் கட்டுகிறார்.

இந்தியாவில் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. போக்கரும் அதில் அடங்கும். இங்கே நடந்தது உரிமம் உள்ள இடத்தில், நேரில், மேசையில் ஆடிய ஆட்டம்.

## முதல் கட்டம்: இறுக்கமாகவும் அடங்கியும்

2023 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 120 மணி நேரம் ஆடினார். முடிவில் 880 டாலர் நஷ்டம்.

ஆடும் பாணியை இரண்டு கேள்விகளால் பிரிப்பது வழக்கம். எத்தனை கைகளுக்கு உள்ளே வருகிறீர்கள்? குறைவு என்றால் இறுக்கம், அதிகம் என்றால் தளர்வு. உள்ளே வந்தபின் பந்தயத்தை நீங்கள் ஏற்றுகிறீர்களா, அடுத்தவர் ஏற்றியதற்கு ஈடு கொடுத்துப் பின்னாலேயே போகிறீர்களா? முன்னது முனைப்பு, பின்னது அடங்கி ஆடுவது. நண்பர் அப்போது இறுக்கமாகவும் அடங்கியும் ஆடினார். நல்ல சீட்டுக்குக் காத்திருப்பார். வந்ததும் அதை இழந்துவிடுவோமோ என்று பயந்து கால் மட்டும், அதாவது ஈடு கொடுப்பது மட்டும், செய்வார்.

அந்தக் காலத்துக் குறிப்புகளில் ஒரு கை முக்கியமானது. அவர் பட்டனில், அதாவது எல்லோருக்கும் கடைசியாகப் பேசும் இடத்தில், குயின் ஜோடியோடு இருந்தார். முன்னால் ஒருவர் 12 டாலருக்கு ரெய்ஸ் செய்தார் (பந்தயத்தை ஏற்றினார்), இருவர் கால் செய்தார்கள். நண்பரும் கால். நடுவில் கட்டணம் போக 46 டாலர். ஃப்ளாப் ஜாக், எட்டு, மூன்று; எல்லாம் வெவ்வேறு இனம். முதல் ஆள் 20 வைக்க, ஒருவர் கால், நண்பரும் கால். டர்ன் இரண்டு, ரிவர் ஐந்து. இரண்டிலும் யாரும் பந்தயம் வைக்கவில்லை. நண்பரும் செக் செய்தார். சீட்டைக் காட்டினார்கள்: ஒருவரிடம் ஏஸ்-ஜாக், இன்னொருவரிடம் ஜாக்-பத்து. 106 டாலர் நண்பர் பக்கம் வந்தது.

குறிப்பேட்டில் இந்தக் கைக்கு எதிரே 'நன்றாக ஆடினேன், +74' என்று எழுதியிருந்தார். அந்த 120 மணி நேரத்திலேயே அதிகம் இழந்த கைகளில் ஒன்று இது என்று நினைக்கிறேன். எதிரில் இருவரும் மேல் ஜோடியோடு, அதாவது ஃப்ளாப்பின் பெரிய சீட்டோடு சேர்ந்த ஜோடியோடு, உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருமே அந்த மேசையில் மேல் ஜோடியை விட்டுக்கொடுத்துப் பழகாதவர்கள். ஃப்ளாப் வருமுன்னே 60-க்கு ஏற்றியிருந்தால், டர்னில் இன்னொரு பந்தயம் வைத்திருந்தால், இன்னும் நூறு இருநூறு வந்திருக்கும். தோற்ற கைகளைத்தான் நாம் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறோம். ஜெயித்த கைக்குள் ஒளிந்திருக்கும் நஷ்டம் கண்ணுக்குப் படுவதில்லை.

## இரண்டாம் கட்டம்: தளர்வும் முனைப்பும்

ஆகஸ்ட் கடைசியில் அவர் யூடியூபில் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் டாம் டுவான் ஆடிய பெரிய பந்தய ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்தார். எந்தச் சீட்டையும் வைத்துக்கொண்டு எதிராளியை மூச்சுத் திணறவைக்கும் ஆட்டம் அது. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். 'இறுக்கமா ஆடி தினமும் கொஞ்சம் கொஞ்சமா சாகறதுக்கு இது மேல்' என்று முடிவுசெய்து, செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பாணியை மாற்றினார்.

முதல் மூன்று வாரங்களில் 1,650 டாலர் லாபம். மேசையில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அக்டோபரில் அந்த லாபமும் போய் மேற்கொண்டும் போனது. 60 மணி நேரத்தின் முடிவில் இந்தக் கட்டத்தின் கணக்கு 2,340 டாலர் நஷ்டம். ஒதுக்கிய 6,000-இல் மிச்சம் 2,780.

என்னிடம் வந்தது அப்போதுதான். நான் அந்தப் பகுதியில் பத்து வருடத்துக்கும் மேலாகச் சின்ன பந்தய மேசைகளில் ஆடுகிறவன். "அண்ணா, சேமிப்புலேர்ந்து ஒரு ரெண்டாயிரம் எடுத்துப் போட்டா இந்த ஸ்டைலை நிலைநிறுத்திடலாம்னு தோணுது" என்றார். எடுக்க வேண்டாம், முதலில் குறிப்பேட்டைக் கொடுங்கள், ஒரு வாரம் ஆட வேண்டாம் என்றேன்.

## குறிப்பேட்டில் கண்டது

முதலில் கண்ணில் பட்டது பிளஃப் கணக்கு, அதாவது நல்ல சீட்டு இல்லாமலே எதிராளியை விலகவைக்கப் போடும் வெற்றுப் பந்தயங்களின் கணக்கு. நல்ல வேளையாக அவர் ரிவரில் வைத்த வெற்றுப் பந்தயங்களைத் தனியாகக் குறித்திருந்தார். மொத்தம் 19. எதிராளி ஃபோல்ட் செய்தது, அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகியது, 5 தடவை. பெரும்பாலும் 120 டாலர் நடுப்பணத்துக்கு 80 வைத்திருக்கிறார். 120-ஐ எடுக்க 80 வைத்தால் பத்தில் நான்கு தடவை எதிராளி ஓடினால்தான் கை கடிக்காது. இவருக்கு நான்கில் ஒரு பங்கு தடவைதான் ஓடினார்கள். ஐந்து வெற்றியில் 600 வந்தது, பதினான்கு தோல்வியில் 1,120 போனது. 19 என்பது சின்ன எண்ணிக்கை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதினான்கு பேரும் எதை வைத்துக் கால் செய்தார்கள் என்று பார்த்தபோது எனக்குச் சந்தேகம் போய்விட்டது: நடு ஜோடி, கீழ் ஜோடி, ஒரு தடவை வெறும் ஏஸ். அவர்கள் இவருடைய கதையை நம்ப மறுத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. கதையைக் கேட்கவே இல்லை.

இரண்டாவது, அவரை மிகவும் வருத்திய ஒரு கை. 260 டாலரோடு இருக்கிறார். மூன்று பேர் லிம்ப் செய்தார்கள், அதாவது வெறும் 3 டாலரைப் போட்டு உள்ளே வந்தார்கள். கிளாவரில் எட்டு-ஏழு வைத்துக்கொண்டு இவர் 20-க்கு ரெய்ஸ். அந்த மூவரும் பெரிய பிளைண்ட் வைத்தவரும் கால். கட்டணம் போக 95 டாலர். ஃப்ளாப்: ஆட்டின் கிங், டைமண்ட் ஒன்பது, ஸ்பேட் மூன்று. 60 வைத்தார், இருவர் கால். டர்ன் கிளாவர் ஆறு. ஆறு-ஏழு-எட்டு-ஒன்பது சேர்ந்துவிட்டது, ஐந்தோ பத்தோ வந்தால் வரிசை. கையில் இருந்த 180-ஐயும் வைத்தார். கிங்-நான்கு வைத்திருந்தவர் கால் செய்தார். ரிவரில் எதுவும் வரவில்லை.

"டர்ன்ல மொத்தத்தையும் வெச்சதுதான் முட்டாள்தனம்" என்று அவரே எழுதியிருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். டர்னில் நடுவில் 275 இருக்கிறது. கால் செய்தாலும் 46-இல் 8 சீட்டு அவருக்கு உதவும், ஏறக்குறைய 17 விழுக்காடு. அந்த நிலையில் இருவரும் ஐந்தில் ஒரு தடவைக்குச் சற்று அதிகமாக ஓடினாலே 180 வைத்தது நியாயம் ஆகிவிடும். எதிரில் கிங் இருப்பதால் அதுவும் நடக்கவில்லை. ஆனால் பெரிய தவறு அது இல்லை.

தவறு ஃப்ளாப்பில். நான்கு பேருக்கு எதிராக, கையில் ஒன்றுமில்லாமல், 95-க்கு 60. அது உடனே பலிக்க நால்வரும் சேர்ந்து ஓடுவது 39 விழுக்காடு நடக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக 79 விழுக்காடு ஓடினால்தான் நால்வரும் சேர்ந்து ஓடுவது 39 ஆகும். பத்துக்கு எட்டு தடவை ஃபோல்ட் செய்கிற ஒருவர்கூட அந்த மேசையில் கிடையாது. நால்வருக்கு எங்கே போவது? இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டியபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. தொலைக்காட்சி ஆட்டங்களில் பெரும்பாலும் ஒருவரை எதிர்த்து ஒருவர். இங்கே ஐந்து பேர்.

## நேரில் கண்டது

ஒரு ஞாயிறு நான் ஆடாமல், தடுப்புக்கு வெளியே நின்று நான்கு மணி நேரம் அவர் மேசையைப் பார்த்தேன். அவரும் அன்று ஆடவில்லை, என்னோடு நின்றார். ஆடும்போது நம் சீட்டைத்தான் பார்க்கிறோம். நின்று பார்த்தால் மேசை தெரிகிறது.

பாதிக்கு மேற்பட்ட கைகளில் நான்கு பேராவது ஃப்ளாப் பார்த்தார்கள். 12 டாலர் ரெய்ஸுக்கு வந்தவர்கள் 24 டாலருக்கும் அப்படியே வந்தார்கள். தொகையை அவர்கள் பார்ப்பதில்லை, தங்கள் சீட்டைத்தான் பார்க்கிறார்கள். ஒரு ஜோடி கிடைத்தவர் ரிவர் வரை வந்தார். ரிவரில் ஒருவர் பந்தயம் வைத்த பிறகு அதற்கு மேல் ஏற்றியது அன்று ஆறு தடவை நடந்தது. சீட்டு காட்டியபோது ஆறிலும் இரண்டு ஜோடிக்குக் குறைவில்லை. இன்னொன்று, பெரும்பாலானவர்கள் முன்னால் 150 முதல் 220 டாலர்தான் இருந்தது. அதாவது 50 முதல் 70 பெரிய பிளைண்ட்.

இந்தக் கடைசி விவரம் தளர்வான ஆட்டத்தின் வேரை அறுப்பது. சின்ன ஜோடி வைத்துக்கொண்டு ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டைப் பிடிக்கும் வாய்ப்பு எட்டரையில் ஒன்று. அதுவும் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் எதிராளியின் பணம் முழுக்க வந்துவிடாது. 20 டாலர் கொடுத்து அதற்குப் போக, எதிராளியிடம் 200, 300 மிச்சம் இருக்க வேண்டும். 140 தான் இருக்கிறது என்றால் மீனுக்குப் போட்ட இரையின் விலை மீனைவிட அதிகம். ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் எட்டு-ஏழு போன்றவற்றுக்கும் இதே கதைதான்.

## முன்னால் இருந்த வழிகள்

பழைய பாணிக்கே திரும்புவது ஒன்று. நஷ்டம் மெதுவாக வரும், அவ்வளவுதான். ஏஸ் ஜோடி ஒருவருக்கு எதிரே 85 விழுக்காடு ஜெயிக்கும்; இருவருக்கு எதிரே 73; ஏதோ சீட்டு வைத்த நால்வரை உள்ளே விட்டால் 56. கால் மட்டும் செய்து எல்லோரையும் உள்ளே விடுவது, நல்ல கையை நாமே பாதி விலைக்கு விற்பது.

தளர்வான பாணியை வைத்துக்கொண்டு மேசையை மாற்றுவது இன்னொன்று. அதே கிளப்பில் இரண்டு பிளைண்டும் 5 டாலரான 5-5 மேசை இருந்தது. அங்கே ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் இருந்தது, யோசித்து ஃபோல்ட் செய்யத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவருடைய பாணிக்கு அது பொருத்தமான இடம் என்றே நான் நம்பினேன். ஆனால் 2,780 டாலரோடு அங்கே போனால் இரண்டு மோசமான மாலைகளில் கதை முடிந்துவிடும். ஆகவே அதை விட்டோம்.

ஆட்டத்தையே நிறுத்துவதையும் பேசினோம். மனைவியும் இருந்தார். "மிச்சம் இருக்கறது போனா நிறுத்திடணும், சேமிப்பைத் தொடக் கூடாது. அதை எழுதிக் குடுக்கட்டும், அப்புறம் ஆடட்டும்" என்றார். எழுதிக் கொடுத்தார். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளில் ஆகச் சரியானது அதுதான், அது எங்கள் இருவருடையதும் அல்ல.

## எடுத்த முடிவும் காரணமும்

இறுக்கமாக, ஆனால் முனைப்போடு. காரணங்கள் மேசையிலிருந்து வந்தவை. ஃபோல்ட் செய்யாதவர்களிடம் பிளஃப் விலைபோகாது. ஆனால் அதே ஆட்கள் நம் நல்ல கைக்கு முழு விலை கொடுப்பார்கள். கைக்கு 7 டாலர் கட்டணம் சின்ன நடுப்பணங்களைத் தின்றுவிடும். பெரிய நடுப்பணத்தில் அது தூசு. குறைந்த பணம் வைத்த எதிராளிகளிடம் நல்ல ஜோடியே மொத்தத்தையும் வைக்கப் போதுமான கை.

சுபாவத்துக்கு ஏற்ற பாணியைத் தேர்ந்தெடு என்று பலரும் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. டாயில் பிரன்சன் 1976, 1977 ஆண்டுகளில் உலகப் போட்டியின் முதன்மை ஆட்டத்தை அடுத்தடுத்து முனைப்பான ஆட்டத்தால் ஜெயித்தார்; இறுக்கத்துக்குப் பேர்போன டான் ஹாரிங்டன் 1995-இல் அதே பட்டத்தை ஜெயித்தார். இரண்டு பாணியும் ஜெயிக்கும். எதிரில் இருப்பவர்கள் என்ன தவறு செய்கிறார்கள் என்பதுதான் எந்தப் பாணி என்பதைச் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் இப்படி வைத்தோம். முதலில் பேசும் இடங்களில் ஒன்பது ஜோடியிலிருந்து ஏஸ் ஜோடி வரை, ஏஸ்-கிங், ஏஸ்-குயின் மட்டும். இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 1,326. இவை அதில் 68, ஐந்து விழுக்காடு. லிம்ப் செய்வதே கிடையாது. ரெய்ஸ் 15 டாலர். முன்னால் லிம்ப் செய்த ஒவ்வொருவருக்கும் 3 சேர்த்து. மூன்று பேர் என்றால் 24. 200 டாலரோடு இருந்து, இரண்டு பேர் கால் செய்தால் நடுவில் 70 சொச்சம், கையில் 176. இரண்டு பந்தயத்தில் எல்லாம் உள்ளே போய்விடும். மூன்று பேருக்கு மேல் இருந்தால் வெற்றுப் பந்தயம் கிடையாது. ரிவரில் பிளஃப் அறவே கிடையாது. அடங்கி ஆடும் ஒருவர் ரிவரில் ஏற்றினால், இரண்டு ஜோடிக்குக் குறைந்த எதையும் போட்டுவிடுவது.

## பின் நடந்தது

நவம்பரில் மறுபடி உட்கார்ந்தார். முதல் நான்கு வாரங்கள் நான் செய்த தவறால் வீணாயின. பட்டன் உட்பட எல்லா இடங்களுக்கும் ஏறக்குறைய ஒரே பட்டியலைக் கொடுத்திருந்தேன். மணிக்கு 30 கையில் 26 கையைப் போட்டுவிட்டு உட்கார வேண்டும். மூன்று மணி நேரம் தாங்கினார். நான்காவது மணியில் பழைய ஆள் வெளியே வந்துவிடுவார். குறிப்பேட்டைப் பிரித்துப் பார்த்தபோது அந்த மாத நஷ்டம் முழுவதும் நான்காவது மணிக்குப் பிறகே வந்திருந்தது. இங்கேதான் சுபாவம் கணக்கில் வருகிறது. பாணியைத் தேர்வதற்கு அல்ல, அதை எத்தனை நேரம் ஆட முடியும் என்று முடிவுசெய்வதற்கு.

இரண்டு மாற்றம் செய்தோம். கடைசியாகப் பேசும் இரண்டு இடங்களில் கைகளைத் தாராளமாக்கினோம், ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. எல்லோரும் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசும் இடம் அது. சுமாரான சீட்டும் அங்கே உழைக்கும். அப்புறம் மூன்றரை மணி நேரம் ஆனதும் எழுந்துவிடுவது, ஜெயித்தாலும் தோற்றாலும்.

2024 ஜனவரியில் ஒரு கை. 240 டாலர் முன்னால். இருவர் லிம்ப், பட்டனுக்கு முன் இடத்தில் ஏஸ்-குயின் வைத்து 21-க்கு ரெய்ஸ். ஒருவரும் பெரிய பிளைண்டும் கால். நடுவில் 61. ஃப்ளாப் குயின், எட்டு, நான்கு, அதில் இரண்டு கிளாவர். 45 வைத்தார், ஒருவர் கால். டர்ன் டைமண்ட் இரண்டு. 100 வைத்தார், கால். ரிவர் டைமண்ட் ஒன்பது. மிச்சம் 74-ஐயும் வைத்தார். குயின்-ஜாக் வைத்திருந்தவர் கால் செய்தார். 499 டாலர். முதல் கட்டத்து மனிதர் டர்னில் செக் செய்திருப்பார். இரண்டாம் கட்டத்து மனிதர் இதே பந்தயங்களை ஒன்றுமில்லாமல் வைத்திருப்பார். பந்தயங்கள் ஒன்றுதான், பின்னால் இருந்த சீட்டு வேறு.

மார்ச்சில் இன்னொரு கை. எனக்கு இது மேலும் முக்கியம். ஏஸ் ஜோடி. எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் மட்டும் கூட வந்தார், இருவரிடமும் 400-க்கு அருகே இருந்தது. ஃப்ளாப் பத்து, ஏழு, இரண்டு, டர்ன் ஐந்து, ரிவர் மறுபடி ஏழு. இரண்டு பந்தயத்துக்கும் பெரியவர் கால் செய்திருந்தார். ரிவரில் 306 நடுவில் இருக்க, நண்பர் 100 வைத்தார். பெரியவர் மொத்தமாக 240-க்கு ஏற்றினார். இன்னும் 140 போட்டால் 646-ஐ எட்டிப் பிடிக்கலாம். 18 விழுக்காடு நாம் முன்னால் இருந்தாலே போதும். அந்தப் பெரியவர் ஆறு மாதத்தில் ரிவரில் ஏற்றி வெறுங்கை காட்டியது ஒரு தடவைகூட இல்லை. இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு நண்பர் சீட்டைப் போட்டார். பெரியவர் தன் சீட்டைக் காட்டவில்லை. குறிப்பேட்டில் 'தெரியாது. மறுபடி வந்தாலும் இதையே செய்வேன்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வசந்தம் முடிவதற்குள் மேசையில் வழக்கமாக ஆடும் இருவர் இவரைப் படித்துவிட்டார்கள். இவர் ரெய்ஸ் செய்தாலே அவர்கள் ஒதுங்கினார்கள், ஃப்ளாப்பில் ஒரு பந்தயத்துக்கே ஓடினார்கள். அப்போது அந்த இருவருக்கு எதிராக மட்டும், தனியாக மாட்டும்போது, ஃப்ளாப்பில் ஒரு வெற்றுப் பந்தயம் என்று சேர்த்துக்கொண்டோம். மற்ற ஆறு பேருக்குப் பழையபடியே. பாணி மேசைக்கு ஒன்று என்று தொடங்கி, ஆளுக்கு ஒன்று என்று ஆனது.

ஜூலை முடிவில் 210 மணி நேரம், 1,460 டாலர் லாபம். மணிக்கு 7 டாலர். ஒதுக்கிய பணம் 4,240-க்கு ஏறியது. இதை வைத்துப் பாணி வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். 210 மணி என்பது 6,300 கைதான். 100 கைக்கு 80 பெரிய பிளைண்ட் ஏற்ற இறக்கம் என்று பொதுவாக வைக்கும் கணக்கில், இத்தனை கையில் அதிர்ஷ்டம் மட்டுமே 1,900 டாலர் மேலேயோ கீழேயோ தள்ளக்கூடியது. லாபம் அதைவிடக் குறைவு. இரண்டாம் கட்டத்தின் நஷ்டத்தையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். நான் நம்பியது தொகையை அல்ல. வாரத்துக்கு மூன்று நான்கு என்று இருந்த 'ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை' என்ற குறிப்புகள், ஏப்ரலுக்குப் பிறகு மாதத்துக்கு ஒன்று என்று குறைந்துவிட்டன.

## மறுபடி நடந்தால் என்ன மாற்றுவேன்

பட்டியலைக் கொடுக்கும் முன் அவர் எத்தனை நேரம் பொறுமையாக உட்காருவார் என்று கேட்டிருப்பேன். குறிப்பேட்டிலேயே தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் இருந்தன. நான் பார்க்கவில்லை. அதனால் ஒரு மாதமும் சில நூறு டாலரும் போயின.

எல்லைத் தொகையை முதல் நாளே எழுதி வைத்திருக்க வேண்டும். 6,000 ஒதுக்கினார்கள், ஆனால் எவ்வளவு போனால் நின்று யோசிப்பது என்று வைக்கவில்லை. பாதி போனதும் நிறுத்தியிருந்தால் அக்டோபரின் கடைசி வாரம் நடந்தே இருக்காது.

மேசையை வெளியிலிருந்து பார்ப்பதை முதலில் வைப்பேன், பாணி பற்றிய பேச்சை அதற்குப் பிறகு. அவர் தானாகப் பாணியைத் தேர்ந்த இரண்டு தடவையும் காரணம் மேசைக்கு வெளியே இருந்தது: ஒரு தடவை பயம், ஒரு தடவை வீடியோ.

5-5 மேசையைப் பற்றி எனக்கு இன்னும் முடிவான எண்ணம் இல்லை. அவருக்குள் இருக்கும் தளர்வான ஆட்டக்காரர் அங்கே நன்றாக ஆடியிருக்கலாம். 4,240 டாலருக்கு அது இன்னமும் பெரிய மேசைதான்.

ஆகஸ்டில் அவர்களுக்குக் குழந்தை பிறந்தது. இப்போது மாதம் இரண்டு ஞாயிறு மட்டும், மூன்றரை மணி நேரம். குறிப்பேட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்: உட்காரும் முன் பத்து நிமிடம் நின்று பார்த்தபோது எத்தனை பேர் ஃப்ளாப்புக்குப் போனார்கள், ஆளுக்கு எவ்வளவு முன்னால் இருந்தது என்று. போன தடவை அந்தப் பத்தியை நிரப்பிவிட்டு, மேசை சரியில்லை என்று ஆடாமலே வீட்டுக்குத் திரும்பினாராம்.